குமிழைத் திருப்பாத மனிதர்

மகள் டெஸா முதல் வரியை எடுத்ததுமே லைலுக்குத் தெரிந்துவிட்டது. ரொம்ப மேலே எடுத்துவிட்டாள்.

அவருக்கு மட்டுமா தெரிந்தது? பள்ளிக்கூட மைதானத்தின் இரும்புப் படிகளில் எழுந்து நின்ற நானூறு பேருக்கும் தெரிந்துவிட்டது. ஆட்டத்துக்கு முன்னால் பாடும் தேசிய கீதம் என்று வந்துவிட்டால் நெப்ராஸ்காவின் இந்த மூலையில் எல்லோருமே வித்வான்கள். ஒழுங்காகப் பாடத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. எங்கே கவிழும் என்று சொல்லத் தெரியாதவரும் ஒருவரும் இல்லை.

பொல்லாத பாட்டு அது. தாழ ஆரம்பித்தால் பிழைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் உயரே ஆரம்பித்துவிட்டால், கடைசிக்கு முந்தைய வரிக்கு ஏணி வைத்தாலும் எட்டாது.

அந்த வரியில் சறுக்கினவர்களை ஊர் மறப்பதும் இல்லை. மருந்துக்கடை கார்ல் பள்ளியில் படிக்கும்போது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் அங்கே கீச்சிட்டார். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அவர் ‘சேவல்’தான். டெஸாவுக்குப் பதினேழு வயது. இதே ஊரில்தான் இன்னும் எத்தனையோ காலம் தள்ள வேண்டும்.

லைல் மைதானத்துக்கு மேலே இருந்த அறிவிப்பாளர் கூண்டில் நின்றிருந்தார். கீதத்துக்கு மரியாதையாக வலது கை நெஞ்சில். இடது கை ஒலிப்பெட்டியின் குமிழில்.

பதினாறு வருஷமாக அவர் வேலை அதுதான். யார் பாடினாலும், கூடவே பழைய ஒலிப்பதிவு ஒன்றையும் ஓடவிடுவார், சத்தத்தை முழுக்கக் குறைத்து. பாடுகிறவர் தடுமாறினால் குமிழைத் திருப்ப வேண்டியதுதான், பதிவு கைகொடுக்கும்.

போன அக்டோபரிலிருந்து அவர் அந்தக் குமிழைத் திருப்பியதே இல்லை. இரண்டு வாரம் முன்பு தீயணைப்புக்காரர் ஒருவருக்குப் பாதியில் வரி மறந்துபோனது. அப்போதும் லைல் மரம் மாதிரி நின்றார். சனங்களே பாடி முடித்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஊர் சில விஷயங்களில் நாகரிகமானது.

இரண்டாவது வரியும் முடிந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை. விளையாடப்போகும் பையன்கள் தலைக்கவசத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். சோளப்பொரிக்காரி கரண்டியைப் பொரிக்குள்ளேயே விட்டுவிட்டாள். கழிப்பறைக்கு ஓடிய ஒரு ஆள், பாவம், பாதி வழியில் நின்று கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறிவிப்பாளர் வெர்ன் உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தார். “என்னடா லைல், உன் பொண்ணு இப்படி அகலக்கால் வெச்சுட்டா? சேவலுக்கு ஜோடி சேர்த்துடுவா போலிருக்கே.”

ஒரு மாதமாகச் சமையலறையில் அவள் தாழ்த்தித்தான் பாடிப் பழகினாள். லைல் தன் காதாலேயே கேட்டார். டெஸாவின் குரல் அவருடைய குரல்தான், அடித்தொண்டைக் குரல். இந்த உயரம் அவளுக்கு ஆகாது.

காலையில் அவள் பாலில் தானியத்தைக் கொட்டிக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது. “நான் நின்னுட்டேன்னா நீங்கதான்ப்பா பார்த்துக்கணும்.”

“நீ ஏன் நிக்கப்போறே?” என்று சிரித்துவிட்டு வந்திருந்தார்.

அந்த வரி வந்தது.

டெஸா பாதிவரை ஏறினாள். நின்றாள்.

ஒலிவாங்கியை இறக்கிக்கொண்டு கூண்டைப் பார்த்தாள். முகத்தில் பயம் இல்லை. பள்ளி விட்டதும் வாசலில் அவர் வண்டிக்காகக் காத்திருப்பாளே, அப்படித்தான் நின்றிருந்தாள்.

அப்போதுதான் லைலுக்கு உறைத்தது. பெண் தவறிப்போய் மேலே எடுக்கவில்லை. அது பதிவில் இருக்கும் சுருதி. மூச்சு விட்ட இடங்கள்கூடப் பதிவில் இருப்பவைதான். காதில் விழாத அந்தக் குரலோடு முதல் வரியிலிருந்து கைகோத்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறாள்.

இப்போதும் திருப்பாவிட்டால் பெண் நானூறு பேர் முன்னால் ஊமையாக நிற்பாள்.

திருப்பினார்.

அந்தக் குரல் அவசரப்படாமல், சொந்த வீட்டு மாடிப்படி ஏறுவது போல, மேலே போய் நின்றது. வழக்கமாக அந்த இடத்தில் சனங்கள் சீட்டியடித்துக் கூத்தாடுவார்கள். இன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசி வரியில் டெஸா மறுபடி சேர்ந்துகொண்டாள். அடித்தொண்டைக் குரலும் அந்தக் குரலும் ஒன்றாகவே முடித்தன.

கீதம் முடிந்தால் குமிழை உடனே இறக்க வேண்டும். லைல் மறந்துவிட்டார்.

மைதானத்தின் எட்டு ஒலிபெருக்கிகளிலும் ஒரு சின்னச் செருமல் கேட்டது. பிறகு அதே குரல் பேசியது.

“சரியா வந்துச்சா லைல்? இல்ல, இன்னொரு தடவை பாடட்டுமா?”

கோரினை அடக்கம் செய்து பதினோரு மாதம் ஆகியிருந்தது.

பதிவு செய்த அன்று லைல் தன் மனைவியிடம், “போதும் கோரின், ஆட்டத்துக்கு நேரமாச்சு” என்று சொல்லியிருந்தார்.

கீழே, கீதத்துக்காகக் கழற்றிய ஒரு தொப்பியும் தலைக்குத் திரும்பவில்லை. நடுவர் ஊதலை வாயருகே வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார். வெர்ன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

லைல் பதிவை மறுபடி ஆரம்பத்துக்குக் கொண்டுபோனார். வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

ஒருவரும் உட்காரவில்லை.