மேற்குக் கயிறு

கரமடி வலைக்கு இரண்டு கயிறு. கரையில் நின்று இரண்டையும் ஒன்றாக இழுக்க வேண்டும்; இல்லையென்றால் மீன் முழுக்க வெளியே போய்விடும். எங்கள் ராஜாக்கமங்கலம் துறையில் இழுக்க ஆளில்லை. பாதிப் பேர் மஸ்கட்டில் இருக்கிறார்கள். அன்று காலை மேற்குக் கயிற்றின் நுனியைத் தென்னையில் கட்டிவிட்டு, ஒன்பது பேரும் கிழக்குக் கயிற்றைப் பிடித்தோம்.

நாங்கள் இழுக்க இழுக்க மேற்குக் கயிறும் கரைக்கு வந்தது. வளையம் வளையமாக மணலில் விழுந்தது. அங்கே ஒருவரும் இல்லை. நாங்கள் பின்னால் வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் அங்கே புதிதாகக் குதிகால் பள்ளங்கள் விழுந்தன.

“கைய விட்டிராதீங்க மக்கா,” என்றார் வலைக்காரர் ஜெஸ்பின். “மேக்க அவிய விடல்ல, பாத்தியளா?”

கரையேறிய வலையின் மடி நிறைய நெத்திலி. கயிறு பிடித்தவர்களுக்கெல்லாம் மீன் கொடுப்பது எங்கள் வழக்கம். ஜெஸ்பின் பாதியை மேற்கே கொண்டுபோய்க் கொட்டினார். காகம் வரவில்லை, அலையும் எட்டவில்லை. குவியல் கைப்பிடி கைப்பிடியாகக் குறைந்தது.

ஜெஸ்பின் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“நாளைக்கும் வருவியளா?”

மணலில் கிடந்த மேற்குக் கயிறு ஒருமுறை விறைத்து நின்று, தளர்ந்தது.