சில்லென்று ஒரு தூக்கம்

காலை எட்டு மணி மில் சங்கு ஊதும்போது மரகதவல்லி கணவர் மேல் கிடந்த கம்பளியை மறுபடியும் உருவினாள்.

பக்கவாதத்தில் அடிபட்ட மூளை மேலும் கெடாமல் இருக்க, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து உடம்பின் சூட்டை இறக்கி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நாளை மாலை வரை தணிகாசலம் சில்லென்று தூங்க வேண்டும். சூடு ஏறினால் பேச்சு திரும்பாது. அவர் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுகிறவர்.

பார்க்க வந்தவர்கள் அவர் கையைத் தொட்டார்கள். தொட்டவுடன் அழுதார்கள். எதிர்வீட்டுக்காரர் மாலையோடு வந்துவிட்டார். அவரை வாசலிலேயே நிறுத்தி, காபி கொடுத்து அனுப்பினாள்.

தணிகாசலத்தின் அக்கா சிவபாக்கியம்தான் கட்டிலை விட்டு நகரவில்லை.

"ஏட்டி, பொணம் மாதிரி கெடக்கான். நீ ஃபேனப் போட்டு வச்சிருக்க."

"மதினி, சில்லுன்னுதான் இருக்கணும்னு டாக்டர் சொன்னாருல்ல. நீங்களும்தான கேட்டீங்க?"

"கேட்டேன். சின்னதுலேர்ந்து இவனுக்குக் குளிர் ஆகாதுன்னு அந்த டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது மதினி. நீங்க போய் ரெண்டு இட்லி சாப்பிடுங்க."

சிவபாக்கியம் முனகிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். மரகதவல்லி கம்பளியைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். திரும்பி வந்து கணவரின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. நெற்றியும்தான். முதுகுக்கு அடியில் கையை விட்டாள். துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பை ஒன்று கையில் தட்டுப்பட்டது. அது ஏறக்குறைய ஆறிப்போயிருந்தது.

அதை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நின்றாள்.

"மதினி, இத எப்ப வச்சீங்க?"