திருப்ப வேண்டிய இடம்

தண்டவாளத்தில் நின்ற ஒரு பெண்ணின் மேல் அவர் ஓட்டிய ரயில் ஏறிய பிறகு, எலியேசரை விடுப்பில் அனுப்பினார்கள். அவளாகத்தான் வந்து நின்றாள், உங்கள் மேல் தப்பில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். கைகளுக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்றார் டாக்டர். மனைவி ஹெப்சிபா ஒரு குரோஷா ஊசியும் சாம்பல் நிற உல்லன் நூலும் வாங்கி வந்தாள்.

செல்போன் வீடியோவில் ஒரு பெண் சொல்லிக்கொடுக்க, எலியேசர் சங்கிலிப் பின்னல் பழகினார். முதலில் கண்ணிகள் ஊசி நுழையாதபடி இறுகின. பிறகு கை வாகாகிவிட்டது. சாண் நீளம் வந்ததும் நிறுத்தித் திருப்ப வேண்டும், அப்போதுதான் துணியாகும் என்றாள் அவள். எலியேசர் திருப்பவில்லை. சங்கிலி மடியிலிருந்து இறங்கி, தரையில் நீண்டு, கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டது.

சாயங்காலம் காபியோடு வந்த ஹெப்சிபா அதைப் பார்த்துவிட்டாள்.

“என்னங்க, இது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு? நிறுத்தித் திருப்புங்க.”

“நிறுத்தினா உடனே நிக்காது, ஹெப்சி.” அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அந்தப் பொண்ணு கையைத் தூக்கினா. யார்கிட்டயும் நான் இதைச் சொல்லலை. கடைசியில அவ மனசு மாறிட்டா. நிறுத்துங்கன்னுதான் கையைத் தூக்கினா.”

ஹெப்சிபா தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, அவருடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடிக்குள்ளேயே அவர் விரல்கள் அடுத்த கண்ணியை இழுத்தன.