அம்மா வீட்டில் இல்லை

காலையில் போன் அடித்ததும் டார்லீன் எண்ணைப் பார்த்தாள். அவளுடைய கல்லூரிக் கடனை வசூலிப்பவர்கள்தான்.

"அம்மா வீட்டுல இல்லன்னு சொல்லுடி," என்று மகள் டெஸ்ஸாவிடம் கிசுகிசுத்தாள்.

டெஸ்ஸா சொன்னாள். பிறகு போனைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். "உன் சம்பளத்துலயே பிடிச்சுடுவாங்களாம்மா. அந்த ஆளு கத்துறான்."

"வச்சுடு." டார்லீன் கடிகாரத்தைப் பார்த்தாள்; வேலைக்கு நேரமாகிவிட்டது. வாங்கிய பட்டத்துக்கு வேலை கிடைக்கவில்லை; கிடைத்த வேலையும் போய்விட்டால்? அரைத் துண்டு ரொட்டியோடு ஓஹையோவின் பனியில் காரைக் கிளப்பிக்கொண்டு ஓடினாள்.

அலுவலகத்தில் ஹெட்செட்டை மாட்டி, அன்றைய முதல் எண்ணை அழுத்தினாள். ஒரு சிறுமி எடுத்தாள்.

"அம்மா வீட்டுல இல்ல."

டார்லீன் செருமிக் குரலைக் கடுமையாக்கிக்கொண்டாள்.

"காலேஜ் கடன் விஷயம். போனை அம்மாகிட்ட குடு பாப்பா. பக்கத்துலதானே நிக்கிறா."