கதவிடுக்குத் துணி

போருக்குப் போய்வந்த தாத்தாவுக்குக் கதவு அறைந்தால் உடம்பே உதறும். அதற்காக இத்தனை வருஷம் எல்லாக் கதவிடுக்கிலும் செருகியிருந்த துணிகளை, அவர் கண்மூடிய ஐந்தாம் நாளான இன்று அத்தை துவைப்பதற்காக உருவிக்கொண்டிருக்கிறாள். மதிய வெயில் சட்டென்று மங்குகிறது. ஜன்னல் திரை உப்புகிறது. தாத்தாவின் பதக்கத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும் பேத்தி நிமிர்வதற்குள், பின்கதவு குண்டு போட்டதுபோல் அறைகிறது. அப்பாவின் டம்ளர் உதட்டருகே நின்றுவிடுகிறது. எல்லோர் கண்ணும் வாசலைப் பார்த்துப் போட்ட தாத்தாவின் நாற்காலிக்கே ஓடுகிறது. பேத்தி ஒரே எட்டில் போய், மண்டியிட்டு, அதன் கைப்பிடியை இறுகப் பற்றுகிறாள். "ஒண்ணுமில்ல தாத்தா. கதவுதான்." கைநழுவிய பதக்கம் எங்கோ உருண்டு அடங்குகிறது. துணிகளை மார்போடு அணைத்தபடி அத்தை மெதுவாகச் சொல்கிறாள்: "இன்னும் ரெண்டு தடவ சொல்லு. மூணு தடவ சொன்னாத்தான் எங்கப்பா நம்புவாரு."