பிடியை விடாத தகடு

ஒருவனுடைய கால் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. மேல் முறிவை எஃகுத் தகடு பிடித்தது. கீழ் முறிவைப் பிடித்தது, உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும் மெக்னீசியத் திருகாணி. எலும்பு கூடியது. திருகாணி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து காணாமல் போனது.

"ஓடுகாலித் திருகாணி!" என்று கத்தியது தகடு. "என்னைப் பார். அன்று பிடித்த பிடியை இன்னும் விடவில்லை!"

"வாயை மூடு!" என்று சீறியது எலும்பு. "அவன் விட்டுப்போன இடத்தில் நான் வளர்ந்து நிற்கிறேன். நீ பிடித்திருக்கும் இங்கே பாரம் முழுவதையும் நீயே சுமக்கிறாய், வேலையில்லாமல் நான் இளைத்துக் கிடக்கிறேன். எப்போது கிளம்புவாய்?"

"நன்றி கெட்டவனே! நான் போனால் நீ ஒடிந்துவிடுவாய்."

"ஒடியத்தான் செய்வேன். அப்படித்தானே என்னை ஆக்கி வைத்திருக்கிறாய்!"