வெளிச்சம் பற்றிக் கேட்க வந்தவர்

"ஐயா, கீழ ஒரு சிங்கள மஹத்தயா வந்திருக்காரு. கவர்மெண்ட் ஆளாம், ஐடி கார்ட் காட்டினாரு. ஒங்க வீடியோ பத்திப் பேசணுமாம்."

இன்டர்கொம்மில் வாட்ச்சர் சொல்லி முடிக்கவில்லை, இராசரத்தினம் இடைமறித்தார்.

"எந்த வீடியோவாம்?"

"வெளிச்சம் வீடியோவாம் ஐயா. லிஃப்டுல வாராரு."

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டின் ஆறாம் மாடி. பென்ஷன் எடுத்த நாள் முதல் இராசரத்தினத்துக்கு யூடியூப்தான் உத்தியோகம். சிகிரியாவைக் கட்டியவர்கள் வேற்றுக்கிரகத்தார். திருகோணமலைப் பாறையில் உள்ள பிளவான இராவணன் வெட்டு, வாளால் அல்ல, ஒளிக்கதிரால் வெட்டியது. இதெல்லாம் அரசாங்கங்களுக்குத் தெரியும், மூடி மறைக்கிறார்கள். வாரம் ஒரு வீடியோ இப்படி.

போன மாதம் போட்டதை மட்டும் எழுபதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். சில வருடங்களுக்கு முன் கொழும்பு மட்டக்குளிக் கடலுக்கு மேலே சனம் கண்ட வெளிச்சம் பற்றியது அது. வானிலை பார்க்க விட்ட பலூன் என்று சொல்லி அதிகாரிகள் கதையை முடித்திருந்தார்கள். "உண்மையைச் சொல்ல இந்த நாட்டில ஒரு ஆம்பிளை இல்லையோ?" என்று கமராவைப் பார்த்துக் கத்தியிருந்தார் இராசரத்தினம்.

கத்திய ஆம்பிளை இப்போது கதவுப் பூட்டை இரண்டு தரம் சரிபார்த்தார்.

"நான் அப்பவே சொன்னனான், கேட்டீங்களே?" மனைவி நாகேஸ்வரி அதற்குள் ஒரு பையை இழுத்து வைத்து அடுக்கத் தொடங்கியிருந்தாள். சாரம், துவாய், பிரஷர் குளிசை.

யுத்த காலத்தில் ஒரு முறை, சந்தேகம் என்று அவரைப் பிடித்துப்போய்ப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். உடுத்த உடுப்போடு போன மனுசன். அந்தப் பாடத்தை நாகேஸ்வரி மறக்கவில்லை.

"நிண்டு பாக்கிறீங்கள். அழியுங்கோவன்!"

"எதை?"

"எல்லாத்தையும்தான்!"

மூன்று வருட உழைப்பு. எல்லாவற்றையும் ஒன்றாகத் தெரிவுசெய்து அவர் அழித்தார். கடைசி வீடியோ போகவும் பெல் அடிக்கவும் சரியாக இருந்தது.

வாசலில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர். வெள்ளைச் சேட்டு, ஒரு கையில் குடை, மற்றக் கையில் பழைய ஃபைல்.

"ஆயுபோவன். நான் விமலசிறி. திருகோணமலையில வேலை செஞ்சது, தமிழ் கொஞ்சம் வரும்."

கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். நாகேஸ்வரி கொண்டுவந்த தேத்தண்ணிக் கோப்பை தட்டில் கடகடத்தது.

"வெளிச்சம் வீடியோ போட்டது நீங்கதானே?"

"அப்பிடி ஒண்டும் இல்லை மஹத்தயா. பாருங்கோ." இராசரத்தினம் ஃபோனை நீட்டினார். சேனல் வெறுமையாகக் கிடந்தது.

விமலசிறியின் முகம் வாடிவிட்டது. "காலையில இருந்திச்சே?"

"சும்மா பொழுதுபோக்குக்குச் சொன்ன கட்டுக்கதை மஹத்தயா. அது பலூன்தான். அரசாங்கம் சொன்னதுதான் சரி, நான்தான் பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

விமலசிறி ஃபைலைத் திறந்தார். நாகேஸ்வரி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இப்ப பென்ஷன். பழைய கார்டைக் காட்டாட்டி கீழ விடமாட்டாங்க, அதுதான் காட்டினது," என்றார். "முப்பது வருசம் நான் செஞ்ச வேலை என்ன தெரியுமா? பலூன் விடுறது. அந்த வெளிச்சம் வந்த அன்னிக்கு கொழும்பில டியூட்டியில இருந்தது நான்."

ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். திகதி, நேரம், கையெழுத்து. நடுவில் சிங்களத்தில் ஒரு வரி.

"பலத்த காற்று, பலூன் விடவில்லை. அதுதான் எழுதியிருக்கு. விடாத பலூன் எப்படி மட்டக்குளிக்குப் போகும்?"

இராசரத்தினம் அந்தத் தாளையே பார்த்தார்.

"இத்தனை வருசம் இதை நான் வச்சிருந்தது. யாரும் நம்ப இல்ல. நான் கட்டின நோனாவும் சிரிச்சது. நீங்க ஒருத்தர்தான் அது பலூன் இல்லைன்னு சொன்னது. எனக்கு இப்ப ஹார்ட் வருத்தம். உங்ககிட்ட குடுத்திட்டா நிம்மதி."

தேடித் தேடிக் கிடைக்காத சாட்சி, எட்டினால் கைக்குள் வந்துவிடும் தூரத்தில். இராசரத்தினத்தின் கை தன்பாட்டில் மேசைக்குப் போனது.

"தொடாதேங்கோ," என்றாள் நாகேஸ்வரி மெல்ல. "இது பொறி. பிடிக்கத்தான் வந்திருக்கினம்."

கை திரும்பிவிட்டது. பதினொரு நாளும் ஒரேயடியாக நெஞ்சுக்குள் வந்து நின்றன.

"எனக்கு இது வேண்டாம் மஹத்தயா," என்றார். "நீங்கள் பலூனை விட்டிட்டு மறந்திருப்பீங்கள். அது பலூன்தான். இதை வெளியில கதைக்காதேங்கோ. பேசாமல் வீட்டுக்குப் போங்கோ."

விமலசிறி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளிறிப்போன முகம், ஓயாமல் நடுங்கும் விரல்கள், நாகேஸ்வரியின் கையில் தயாராக இருக்கும் பை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தாளை ஃபைலுக்குள் வைத்துக் கட்டினார்.

"அன்னிக்கு எங்க ஒஃபிஸ் பெரிய சேரும் இதையேதான் சொன்னாரு, ஒரு சொல்லும் மாற இல்ல," என்றார் குடையை எடுத்துக்கொண்டே. "இத்தனை வருசமா அவரு உண்மையை மறைக்கிறாருன்னு நான் திட்டினது. பாவம், அவரும் பயந்துதான் இருந்திருக்காரு."